பல் பதிந்த ஈயம்

ரத்தம் எடுக்கிறவளுக்கு ரிசல்ட் எதற்கு என்பது எங்கள் லேப் முதலாளியின் கட்சி. ஊசியைக் குத்தினோமா, குப்பியில் பெயரை ஒட்டினோமா, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினோமா என்று இருக்க வேண்டுமாம். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறேன் என்று நான் சொன்னால் என் ஸ்கூட்டரே சிரிக்கும். யாருக்குச் சர்க்கரை ஏறியது, யார் இனிப்பைத் தின்றுவிட்டு வெறும் வயிறு என்று புளுகினார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெருவில் என்னை ரத்தக்கா என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

வம்புக்காகக் கேட்பதில்லை. ஓர் ஆளின் தோலுக்கு உள்ளே நடப்பதை ஒரு சின்ன எண் எப்படி வெளியே வந்து சொல்கிறது என்கிற ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை. அப்படி நான் விடாமல் துரத்திய எண் ஒன்று உண்டு. அது ரேடியேட்டர் பட்டறை வீட்டு அணிலின் எண்.

பட்டறை எங்கள் தெரு திரும்புகிற முனையில் இருக்கிறது. முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போட ஒரு சந்து. கொதித்துப்போன ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு லாரிக்காரர்கள் வருவார்கள். பட்டறைக்காரன் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குழாயில் காற்றை ஏற்றி, எங்கேயிருந்து குமிழி வருகிறது என்று குனிந்து பார்ப்பான். குமிழி வருகிற இடத்தில் ஆணியால் ஒரு கீறல். பிறகு அழுக்கைச் சுரண்டி, ஆசிட் தடவி, கேஸ் தீயைக் காட்டி, ஈயக் கம்பியை உருக்கி ஓட்டையை அடைப்பான். உருகிய ஈயம் பித்தளைமேல் ஓடிப் பரவுகிற அந்த ஒரு நொடியில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் தலை துவட்டுகிறவன் மாதிரி இருப்பான். ஊரே அவனை ரேடியேட்டர் என்றுதான் கூப்பிட்டது. பெயர்ப் பொருத்தம் இல்லாத ஆள். அவன் சூடாகி நான் பார்த்ததில்லை.

அவன் மனைவிதான் அணில். அது அவள் அம்மா வைத்த செல்லப்பெயர். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எடுப்பாக இருக்கும், அதில் ஒன்றின் ஓரம் உடைந்திருக்கும். அதனால்தான் அணில் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். புருஷனும் அப்படித்தான் நினைத்தான்.

முப்பத்தொரு வயதில் அவளுக்கு வயிற்றில் தங்கியது. அதற்கு முன்பு ஒரு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனதால் இந்தத் தடவை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை விழுங்கினாலும் ரத்தம் ஏறவில்லை. பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா, அவர்கள் வீடு எங்கே, என்ன தொழில் என்று விசாரித்தார். ரேடியேட்டர் பட்டறை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தத்தில் லெட் எவ்வளவு இருக்கிறது என்று இருவருக்கும் பார்க்கச் சொன்னார். அவர் லெட் என்பதுதான் நமக்குக் காரீயம், பட்டறையில் வெறும் ஈயம்.

ரத்தம் எடுக்கப் போன இடத்தில் ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன்.

"வீட்டுக்காரர் வேலை?"

"அதான் தெரியுமேக்கா."

"உன் வேலை?"

"வீட்டுலதான்."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் வீட்டுலதான்கா. அப்புறம் படிச்சேன். வேலைக்கெல்லாம் எங்க போனேன்?"

'வேலை: இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த 'இல்லை' ரொம்ப அழகாக விழுந்திருந்தது.

எங்கள் லேபில் இதைப் பார்க்க மெஷின் கிடையாது. பெரிய ஊருக்கு அனுப்பினால் பத்து நாளில் ரிசல்ட் வரும். வந்தது. அவனுக்கு இருபத்தொன்பது, அவளுக்குப் பதினொன்று. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்கிற நேரம், ஈயம் அங்கே போய் உட்காரக் கூடாது, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றார்.

அவன் வீட்டுக்கு வந்து கேஸ் தீயை அணைத்து, சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஈயக் கம்பிச் சுருள்களைச் சாக்கில் கட்டி அனுப்பினான். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத் துணியால் துடை என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, பட்டறையும் வீடும் ஒரு வாரம் ஈரமாகவே கிடந்தன. பட்டறைச் சட்டையோடு வாசலைத் தாண்டுவதில்லை. சந்தில் குளித்து, வேறு துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவான். இனிமேல் அலுமினிய ரேடியேட்டர் மட்டும்தான், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கொடுப்பேன், பற்றவைக்க மாட்டேன் என்று பலகை எழுதி மாட்டினான்.

ஒரு லாரிக்காரர் பலகையைப் படித்துவிட்டு, "என்னப்பா, டீக்கடையில டீ கிடையாதுங்கிற?" என்றார்.

"என் பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்குண்ணே."

"அதுக்கும் என் ரேடியேட்டருக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"இருக்குண்ணே," என்றான். கோணியிருந்த பலகையை நேராக்கினான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தேன். ரிசல்ட் வந்த அன்று நானே வாங்கிக்கொண்டு ஓடினேன். அவனுக்கு இருபத்தொன்பதிலிருந்து பதினேழாக இறங்கியிருந்தது. அவளுக்குப் பதின்மூன்று.

நான் குப்பி மாறிவிட்டதோ என்று பயந்துபோனேன். மாறவில்லை. ஈயத்தில் குளித்தவனுக்கு இறங்குகிறது, ஈயத்தைத் தொடாதவளுக்கு ஏறுகிறது. இது என்ன கூத்து? எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல மாட்டேன், சோறு இறங்கியது. ஆனால் மென்று முடிக்கிறவரை அந்தப் பதின்மூன்று கண்ணெதிரே நின்றது.

அந்த வாரம் முழுக்க நான் அவர்கள் வீட்டைத் துருவினேன். சுவர்ப் பூச்சு புதியது. தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக். பாத்திரம் எல்லாம் எவர்சில்வர். கண் மை வைக்கிற பழக்கம் இல்லை. அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன்.

"என்னக்கா, திருட்டு நகை தேடற மாதிரி தேடறீங்க?" என்று அணில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வயிற்றின்மேல் கை போனது. "இவன் நல்லா பொறப்பான்லக்கா? சொன்னா புரிஞ்சுப்பான்ல, படிப்பான்ல?"

"அதெல்லாம் பொறப்பான். உன்ன மாதிரி வாயடிப்பான்."

எனக்கென்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன். அவன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் அவன் இளைத்திருந்தான். ஈயத்தை விட்டவனுக்கு உடம்பு தேற வேண்டும், இவனுக்கோ குற்றவுணர்ச்சி தின்றுகொண்டிருந்தது.

எட்டாம் மாதம் தொடங்கியதும் அணிலின் அம்மா வந்து இறங்கினாள். அவள் இருப்பது தண்ணீர் ஓரத்துக் குடியிருப்பு, பஸ்ஸில் அரை நாள் தூரம். மீன்வலை கட்டுவதுதான் அவளுக்குத் தொழில், அதனால் எல்லோருக்கும் அவள் வலைக்காரம்மா. வாயில் ஒரு பல் கிடையாது, ஆனால் பேச்சில் கடி குறையவில்லை. இரண்டு பைகள் கொண்டுவந்தாள். ஒன்றில் துணி. மற்றொன்றில் பாதி முடித்த வலை. சும்மா உட்கார்ந்தால் கை நடுங்கும் என்பாள். அடுத்த நாள் காலை நான் மூன்றாவது தடவை ரத்தம் எடுக்கப் போனபோது முன்னறைத் தரையில் வலையை விரித்துப் போட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் குண்டுகள், சுண்டைக்காய் அளவுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பிளவு. பிளவுக்குள் வலையின் அடிக்கயிற்றைச் செருகி, இடுக்கியால் நெரித்து மூடுவாள். வலை தண்ணீருக்குள் அமிழ்வதற்கு அந்தக் கனம்.

நான் அதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை. வலைக்காரம்மாவிடம் வலை இருப்பதில் என்ன அதிசயம்? ஊசியும் பஞ்சும் எடுத்து வைத்துக்கொண்டு என் பாட்டுக்கு உட்கார்ந்தேன். அணில் அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றான்.

"மாப்ள, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது," என்றாள் வலைக்காரம்மா, இடுக்கியை நெரித்துக்கொண்டே. "பொண்ணக் கூட்டிட்டுப் போறேன். புள்ள அங்க பொறக்கட்டும். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் அங்கயே வளரட்டும். அப்புறம் பாக்கலாம்."

"சரிங்க அத்தை."

"என்ன சரிங்க?" அணில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் என்ன ரேடியேட்டரா, ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு?"

"நீ சும்மா இருடி. போன தடவ ஒண்ணு தங்காம போச்சே, அது எதனாலன்னு நெனச்ச? இந்தப் பட்டறைதான். விஷத்துக்குள்ள குடித்தனம் நடத்துற நீ."

"அதான் எல்லாத்தையும் விட்டுட்டாரேம்மா."

"விட்டு என்ன? அவருக்கு எறங்குது, உனக்கு ஏறுது. அவர் உடம்புல இருந்து கெளம்பி உன் உடம்புக்குத்தான் வருதோ என்னமோ."

பற்றவைப்பது மாப்பிள்ளைக்குத் தொழிலாக இருந்தது, மாமியாருக்கு அது தானாகவே வரும் போல என்று நினைத்துக்கொண்டேன். அவன் தலையைக் குனிந்தான். "அத்தை சொல்றது சரிதான் அணிலு. இங்க வேணாம். நான் வாரா வாரம் வந்து பாத்துக்கறேன்."

"எங்க வீட்டுல என்ன இருக்கு?" என்றாள் வலைக்காரம்மா. "காத்து இருக்கு, தண்ணி இருக்கு, பிடிச்ச கையோட மீன் இருக்கு. வேற ஒரு கெடுதல் கெடையாது."

அணிலுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. கீரை இருந்தால் ஆய்வாள், துணி இருந்தால் மடிப்பாள். எதிரில் வலை இருந்தது. கயிற்றை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "யாருமே என்னக் கேக்க மாட்டீங்களா? என் புள்ள, என் வயிறு." கிண்ணத்திலிருந்து ஒரு குண்டை எடுத்தாள். பிளவுக்குள் கயிற்றைச் செருகினாள். "நான் இவரு கூடத்தான் இருப்பேன்." சொல்லிவிட்டுக் குண்டை வாயில் வைத்து, முன்பல்லுக்குக் கொடுத்து, கடுக்கென்று கடித்து மூடினாள். கயிற்றை நகர்த்தினாள். அடுத்த குண்டை எடுத்தாள்.

எல்லாம் ஒரு கண் சிமிட்டுகிற நேரம். அவள் கையும் வாயும் அவளைக் கேட்காமலே வேலை செய்தன.

"துப்பு!" என்று கத்தினேன். "துப்புடி!"

அணில் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "என்னக்கா?"

"அது என்ன குண்டு?"

"வலைக் குண்டுக்கா."

அவன் படியிலிருந்து இரண்டே எட்டில் உள்ளே வந்தான். பட்டறைத் துணியோடு வீட்டுக்குள் வந்தது நாலு மாதத்தில் அதுதான் முதல் தடவை. கிண்ணத்தில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினான். சாம்பல் நிறத்துக்கு அடியில் பளபளவென்று தெரிந்தது. உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தான்.

"அத்தை, இது ஈயம்."

"ஈயம்தான். இரும்பு துருப் பிடிக்கும்ல?"

"நான் இந்த வீட்ட விட்டு வெளிய அனுப்பினது இதைத்தான் அத்தை."

வலைக்காரம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் உள்ளே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தது. அணில் கொப்பளித்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

"எத்தனை வயசுல இருந்து கடிக்கிற?"

"ஆறு வயசு இருக்கும். பால்பல்லு விழுந்து இது மொளச்சதும். ஹாஸ்டலுக்குப் படிக்கப் போனேன்ல, பதினாறுல, அதோட விட்டேன்."

"சாதாரணமாவா கடிப்பா?" என்றாள் வலைக்காரம்மா. அவள் முகம் மலர்ந்திருந்தது. "இடுக்கி வெச்சு நான் பத்து மூடறதுக்குள்ள இவ முப்பது மூடிருவா. சுத்துவட்டாரத்துல ஒருத்தி பக்கத்துல நிக்க முடியாது. கொறிக்கிற வேகத்தப் பாத்துத்தானே அணிலுன்னு பேர் வெச்சேன். அந்தப் பல்லு ஓரம் உடைஞ்சதே குண்டு கடிச்சுத்தான்."

ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவன் தன் மனைவியின் பெயருக்கு அர்த்தம் தெரிந்துகொண்ட முகத்தோடு நின்றான்.

"குண்டு உருக்கி ஊத்துறது எங்க?" என்று கேட்டேன்.

"பின்வாசல்ல. நான் உருக்கி ஊத்துவேன், இவ பக்கத்துல உக்காந்து, ஆற ஆறப் பொறுக்குவா."

"நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல? ஃபாரத்துல கேட்டேனே, என்ன வேலை செஞ்சன்னு?"

"அது வேலையாக்கா?" அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "வீட்டுல எல்லாரும் பண்றதுதானே. பாத்திரம் கழுவற மாதிரி."

என் அழகான கையெழுத்து நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கலாம்.

சாயங்காலமே நாலு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவள் கடித்த குண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனேன். அதில் பல் தடம் அப்படியே பதிந்திருந்தது. ஒரு பக்கம் முழுப் பல், ஒரு பக்கம் ஓரம் உடைந்த பல். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அணிலிடம் "ஈ காட்டு" என்றார். காட்டினாள்.

"ஆனா அது பதினஞ்சு வருஷம் முன்னாடிங்க," என்றாள் வலைக்காரம்மா. "இன்னுமா உள்ள இருக்கும்? வேர்வையில, ஒண்ணுக்குல எல்லாம் போயிருக்காதா?"

"ரத்தத்துல இருக்கிறது போயிரும்மா. ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல பாதி போயிரும். உங்க மாப்பிள்ளைக்கு வேகமா எறங்குச்சே, அது அந்தக் கணக்கு. ஆனா வளர்ற புள்ளைக்கு எலும்பு கட்டணும்ல? அதுக்கு உடம்பு சுண்ணாம்புச்சத்து தேடும். ஈயம் பாக்க அதே மாதிரி இருக்கும். உடம்பு ஏமாந்து அதையும் எலும்புக்குள்ள வெச்சுக் கட்டிரும். அங்க போய் உக்காந்தா இருபது வருஷம், முப்பது வருஷம்."

"அது பாட்டுக்கு எலும்புல இருக்கட்டுமே டாக்டர்," என்றான் அவன். "இப்ப ஏன் வெளிய வருது?"

"வயித்துல இருக்கிற புள்ளைக்கும் எலும்பு கட்டணுமே. சாப்பாட்டுல சுண்ணாம்புச்சத்து பத்தலைன்னா, அம்மா எலும்புல இருந்து எடுத்துக் குடுக்கும் உடம்பு. சுவத்துல செங்கல்லப் பேத்தெடுக்கற மாதிரி எடுக்கும்போது நடுவுல இருக்கிற ஈயமும் சேந்து வருது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தப்பாக நினைக்க வேண்டாம், பயத்தில் இல்லை. ஆறு வயதுச் சிறுமி கோபத்திலோ சந்தோஷத்திலோ கடித்த ஒரு குண்டு, அவள் ஹாஸ்டலுக்குப் போய், கல்யாணம் கட்டி, வேறு ஊரில் வேறு வீட்டில் தூங்கி எழுந்த அத்தனை நாளும் அவள் காலெலும்புக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, இன்றைக்கு எழுந்து வந்து என் குப்பிக்குள் பதின்மூன்றாக நிற்கிறது. உடம்பு எதையும் மறப்பதில்லை போலிருக்கிறது. நமக்குத்தான் மறதி.

"அப்ப போன தடவ கலைஞ்சது?" அணில் மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்குப் பல காரணம் இருக்கலாம்மா. இதுதான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது." பிறகு பாலும் முட்டையும் கூட்டச் சொன்னார், சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதினார். வெளியிலிருந்து சத்து வந்தால் எலும்பைப் பெயர்க்கிற வேலை குறையும் என்றார்.

வலைக்காரம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பொக்கை வாய் எதையோ மெல்வதுபோல் அசைந்தது.

"எனக்கு அப்ப பல்லு இருந்துச்சு," என்றாள் கடைசியில். "இவ வயித்துல இருக்கும்போது நானும் கடிச்சேன். வலி எடுக்கற வரைக்கும் கடிச்சேன். அப்ப இவ மொத குண்டு கடிக்கிறதுக்கு முன்னாடியே..."

டாக்டரம்மா ஆமாம் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார். அணில் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வலைக்காரம்மா மறு கையை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கும் எடு."

அவள் நரம்பு லேசில் கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குப்பி நிறைவதையே பார்த்தாள். பத்து நாள் கழித்து அவள் எண் வந்தது. முப்பத்து நாலு.

அன்றிரவு டாக்டரம்மாவிடமிருந்து திரும்பிய பிறகு அவன் பட்டறைத் தொட்டி ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? சந்தோஷமா இருக்கு. நான் மட்டும் இல்லன்னு தெரிஞ்சதும் மொதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. அது ரொம்ப வெக்கமா இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஈரக் கையால் துடைத்ததில் முகம் இன்னும் நனைந்தது. மாமியாரைக் குத்திக் காட்ட அவனுக்கு அன்று அருமையான சந்தர்ப்பம் இருந்தது. வேறொருவனாக இருந்தால் விட்டிருக்க மாட்டான். அவன் உள்ளே போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"அத்தை, அதுல என் ஈயமும் இருக்கும். என் சட்டைய அவதானே தொவச்சா."

"இருக்கும் மாப்ள," என்றாள் வலைக்காரம்மா. "ஆனா எங்க வீட்டுக்கு அவ வர வேணாம். பின்வாசல் மண்ணு பூராவும் அதுதான். நான் இங்க இருக்கேன். நீங்க இருக்கச் சொன்னா."

"இருங்க அத்தை."

அவ்வளவுதான் சமாதானப் பேச்சு. வலையையும் கிண்ணத்தையும் கெட்டியான பையில் கட்டி அன்றைக்கே வெளியேற்றினார்கள். வலைக்காரம்மா ஈரத் துணியைக் கையில் எடுத்தாள். கை நடுங்காமல் இருக்க அவளுக்கு ஒரு வேலை வேண்டுமே. அந்த வீட்டுத் தரை அவள் துடைத்த மாதிரி யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். சுவரோரம், கதவிடுக்கு, கட்டிலின் கால் என்று மண்டி போட்டுத் துடைத்தாள். சோறு பரிமாறும் முன் முழங்கை வரை சோப்பு போடுவாள். அணிலின் தம்ளரில் பால் குறைந்தால் பார்வையாலேயே நிரப்புவாள்.

பெண் குழந்தை பிறந்தது. பையன் என்றே பேசிப் பழகிய அணில், "பரவால்ல, வாயடிக்கும்ல, அது போதும்," என்றாள். தொப்புள்கொடி ரத்தத்தை நானே குப்பியில் பிடித்து அனுப்பினேன். பத்து நாள் என்பது பதினோரு நாள் ஆனது. பதினொன்று என்று வந்தது.

டாக்டரம்மா பயப்பட வேண்டாம், போகப் போகக் குறையும், தாய்ப்பாலே கொடுக்கலாம், அதன் நன்மைதான் பெரிது, ஆனால் இரண்டு வயதுவரை ரத்தமும் வளர்ச்சியும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வலைக்காரம்மா அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதுல என்னோடது எவ்ளோ?"

"எண்ணுல விலாசம் எழுதி வராதும்மா."

"நாப்பது வருஷமா கடிச்சிருக்கேன். கொஞ்சமாவது இருக்கும்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருக்கும்," என்றேன். காகிதத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது அவள் தன் குடியிருப்புக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஏம்மா, உன் ஐஸ் பெட்டிய எடுத்துக்கிட்டு எங்க தெருவுக்கு ஒரு நாள் வருவியா? இப்ப கடிக்கிற பொண்ணுங்க எட்டு பேர் இருக்கு. ஆத்தாக்காரிங்க கிட்ட நானே பேசிட்டேன்." போனேன். எட்டுக் குப்பி. ஃபாரத்தில் வேலை என்கிற இடத்துக்கு வந்தபோது எட்டிலும் 'உண்டு' என்று எழுதினேன்.

ஆறாம் மாதம் குழந்தைக்கு மறுபடி ரத்தம் எடுக்கப் போனேன். அந்தக் குட்டிக் கையில் நரம்பு தேடுவதைவிடப் பாவம் எதுவும் இல்லை. அது வீறிட்டதில் தெருநாய் எழுந்து நின்றது. எடுத்த கையோடு அணில் அதை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதாள். ரிசல்ட் பிறகு வந்தது, ஆறு. கூடவே எடுத்த வலைக்காரம்மாவுக்கு இருபத்திரண்டு. ஐந்துக்குள் வர இன்னும் காலம் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது எதுவும் தெரியாது.

குழந்தை விக்கிக்கொண்டே வாய்க்குக் கிடைத்ததைத் தேடியது. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி. முதல் பல். வலைக்காரம்மா எழுந்து போய் முழங்கை வரை சோப்புப் போட்டு, கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, ஆள்காட்டி விரலை அதன் வாயில் கொடுத்தாள். அது அழுகையை நிறுத்திவிட்டுக் கடித்தது. கடித்த கடியில் கிழவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விரலை எடுக்கவில்லை.

"கடிம்மா," என்றாள். "நல்லாக் கடி. எலும்புக்குள்ள இருக்கிறது உன் பல்லுக்கு எட்டாது."